மூட்டைக்குப் பிக்கப், ஆளுக்கு வேன்!

பிக்கப்பும் வேனும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரிதான். டொயோட்டா நிறுவனம் ஹையேஸ் வேனை 1967இலும், ஹைலக்ஸ் பிக்கப்பை 1968இலும் வெளியிட்டது. இன்ஜின், கியர், நாலு சக்கரம் இரண்டுக்கும் உண்டு. ஆனால் வேலை வேறு. சேற்றிலும் மேட்டிலும் உர மூட்டை ஏற்றிப்போகப் பிக்கப்தான் வசதி. பின்பக்கம் திறந்திருப்பதால் ஏற்றி இறக்குவது சுலபம். ஆள் ஏற்றும் வேனுக்கோ கூரையுண்டு, இருக்கையுண்டு, சீட் பெல்ட்டுண்டு.

அப்படியிருக்க, "பக்கத்திலதானே, பின்னால ஏறிக்குங்க" என்று நம்மை மூட்டையோடு மூட்டையாக ஏற்றுவது என்ன நியாயம்? மூட்டை விழுந்தால் வேறு மூட்டை வாங்கலாம். குடும்பத்துக்குச் சோறு போடுகிறவர் விழுந்தால்?

தோழர்களே, ஆள் ஏற்ற வேன் வேண்டுமென்று நிர்வாகத்திடம் கேட்போம். தனியாகக் கேட்டால் முணுமுணுப்பு என்பார்கள், சேர்ந்தே கேட்போம்!