வாப்பாவின் கடை யாருக்கு?

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பலருக்குப் புத்தளத்துத் தில்லையடி இரண்டாவது ஊரானது. யாழ்ப்பாணத்தில் கடைகளைத் திறந்தபடி விட்டு வந்தவர்கள் இங்கே வெறுங்கையோடு மீண்டும் தொடங்கினார்கள். அந்தத் தலைமுறைக்கு இப்போது முதுமை. கடையோ இன்னும் வாப்பாவின் பெயரில்.

தனி ஒருவர் பெயரில் பதிந்த வியாபாரம் அவரோடு முடிந்துவிடும். மிஞ்சுவது சரக்கும் கடனும்தான். 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டப்படி, மரண சாசனம் எழுதாமல் அவர் விட்டுச்செல்வது மார்க்கம் வகுத்த பங்குகளாகப் பிரியும். பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று. மகளுக்கு மகனின் பங்கில் பாதி. இருபது வருடம் கல்லாவில் நின்ற மகனுக்கும் கட்டாரில் இருக்கும் மகனுக்கும் ஒரே பங்கு. பிணக்கு இங்கேதான் பிறக்கிறது. பங்காளியாகச் சேர்ந்து நடத்தினாலும், வேறு உடன்பாடு இல்லையென்றால், ஒருவர் மௌத்தானதும் கூட்டு கலைந்துவிடும். ஆயிரம் ரூபாவுக்கு மேற்பட்ட முதலென்றால் அந்த உடன்பாடு எழுத்தில் இருக்க வேண்டும் என்று 1840ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. வாய்ப்பேச்சு நீதிமன்றத்தில் நிற்காது.

2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் கம்பனியாகப் பதிந்தால், உரிமையாளர் மறைந்தாலும் கம்பனி வாழும்; பங்குகளை உயிரோடிருக்கும்போதே கைமாற்றலாம். கடை நிலத்துக்குத் தனியாக நொத்தாரிசு உறுதி தேவை.

உறுதிகளை இழந்த வேதனை இந்த ஊருக்குத் தெரியும். வாப்பாமாரே, பெண்மக்களையும் கூட்டி உட்காரவைத்துப் பேசுங்கள். இந்த வருடத்துக்குள் எழுதிவிடுங்கள்.