கம்ப்யூட்டர் சீட்டா, நல்ல கல்லூரியா?

வீட்டிற்குக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த ஆன்டி வைரஸ் போடலாம் என்பதைத்தான். சென்ற அட்மிஷன் சமயத்தில் எங்கள் தெருக்காரர் ஒருவர் வேறு கேள்வியுடன் வந்தார். அவருடைய மகள் பிளஸ் 2 முடித்திருக்கிறாள். ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம் தன் சொந்த நுழைவுத் தேர்வின் மூலம் பி.டெக். கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் கொடுத்திருந்தது. கட்டணம் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய். முன்பணமும் கட்டியாகிவிட்டது. பிறகு கவுன்சலிங்கில், அண்ணா பல்கலைக்கழகத்துடன் இணைந்த ஓர் அரசு கல்லூரியில் பி.இ. எலெக்ட்ரிகல் கிடைத்தது. உறுதி செய்ய இருந்ததோ இரண்டே நாட்கள்.

"கம்ப்யூட்டர் படிச்சாத்தானே சார் வேலை? அதுக்குத்தானே இந்தக் கம்ப்யூட்டரையே வாங்கினேன்" என்றார்.

எனக்கு நேர் எதிராகத் தோன்றியது. வீட்டில் கம்ப்யூட்டர் வந்துவிட்டதாலேயே, கம்ப்யூட்டர் சயின்ஸ் என்ற பெயருக்காகக் கூடுதல் பணம் கொட்ட வேண்டிய அவசியம் குறைந்துவிட்டது. பொறியியல் பாடங்களில் லேப் வீட்டிலேயே இருக்கக்கூடிய பாடம் இது ஒன்றுதான். பைத்தான் இலவசம். சி கம்பைலர் இலவசம். ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். வகுப்புகளை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். சான்றிதழுக்கான தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். ஆனால் மோட்டாரும் டிரான்ஸ்ஃபார்மரும் உள்ள லேபை வீட்டில் எங்கே வைப்பது? நல்ல ஆசிரியரையும், கூடப் படிக்கும் நல்ல மாணவர்களையும் டவுன்லோட் செய்ய முடியாது. எனவே பிரிவின் பெயரை விட இடத்தைப் பாருங்கள் என்பதே என் கட்சி.

இடம் எப்படிப்பட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? கல்லூரி வெப்சைட்டின் முதல் பக்கத்தை நம்பாதீர்கள். அங்கே மாலை போட்ட மாணவர் படமும், "அதிகபட்ச சம்பளம் 44 லட்சம்" போன்ற வரிகளும் ஓடிக்கொண்டிருக்கும். ஐந்து பேருக்கு முறையே 3, 3, 3.5, 4, 44 லட்சம் சம்பளம் என்று வையுங்கள். சராசரி 11.5 லட்சம் வரும். ஆனால் வரிசையில் நடுவே நிற்பவருக்கு 3.5 லட்சம்தான். உங்கள் மகள் அந்த நடு ஆளாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இந்த நடு எண்ணைத்தான் மீடியன் என்கிறார்கள்.

மத்தியக் கல்வி அமைச்சகம் 2016 முதல் வெளியிட்டுவரும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். எத்தனையாவது ரேங்க் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அதில் பங்கேற்கும் கல்லூரி கொடுத்த விவரங்கள் பி.டி.எஃப். கோப்பாகக் கிடைக்கும். கூகுளில் கல்லூரியின் பெயரோடு என்.ஐ.ஆர்.எஃப். என்று சேர்த்துத் தேடினால் போதும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் நான்கு ஆண்டுகளில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள், வேலை கிடைத்தவர்களின் மீடியன் சம்பளம் எவ்வளவு என்று எல்லாம் இருக்கும். "98 சதவீதம் வேலைவாய்ப்பு" என்ற விளம்பரத்தைப் பார்த்தால், எதில் 98 சதவீதம் என்று இந்தக் கோப்பை வைத்து நீங்களே வகுத்துப் பாருங்கள். இவையும் கல்லூரி தானே கொடுத்த எண்கள்தான். எல்லாப் பிரிவுகளையும் சேர்த்துச் சொன்னவைதான். இருந்தாலும் விளம்பரத்தை விட மேல்.

இன்னொன்று. நாக் அமைப்பு கல்லூரி முழுவதற்கும் சேர்த்து அங்கீகாரம் தருகிறது. என்.பி.ஏ. அங்கீகாரமோ ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி. வாசலில் பெரிதாக எழுதியிருந்தாலும், உங்கள் பிரிவுக்கு அது இருக்கிறதா, எந்த ஆண்டு வரை செல்லும் என்று பாருங்கள்.

பிறகு பணம். பலர் இதை நான்கால் பெருக்கி, எட்டு லட்சம் என்று நிறுத்திவிடுகிறார்கள். எக்ஸெல் இல்லாவிட்டால் இலவசமான லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். ஆண்டுக்கு 2 லட்சம் வீதம் நான்கு முறை, 10 சதவீத வட்டிக்குக் கல்விக் கடன் வாங்குவதாக வையுங்கள். படிப்பு நான்கு ஆண்டு, அதன் பின் ஓர் ஆண்டு கழித்துத் தவணை ஆரம்பம். அதற்குள் தனி வட்டி மட்டும் 2.8 லட்சம் சேர்ந்து கடன் 10.8 லட்சமாகிவிடும். பி.எம்.டி. என்ற ஃபங்ஷனில் 120 மாதங்கள் கொடுத்தால், மாதம் ஏறக்குறைய 14,270 ரூபாய் என்று வரும். மொத்தம் கட்டுவது 17 லட்சத்திற்கு மேல். நம் தெருக்காரர் இந்தக் கட்டத்தைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் கவுன்சலிங் சீட்டுக்கு அரசின் கட்டணச் சலுகை உண்டு என்பதும் அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

எல்லோரும் கம்ப்யூட்டர் சயின்ஸை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆபரேட்டிங் சிஸ்டம், கம்பைலர் போன்றவற்றைத் தனியாக உட்கார்ந்து படிப்பது எல்லோருக்கும் வராது. பையனோ பெண்ணோ உண்மையிலேயே அதில் ஆசையாக இருந்து, கட்டணமும் தாங்கி, கல்லூரியும் சுமாராகவாவது இருந்தால், தாராளமாகச் சேருங்கள். ஆசை அப்பாவுடையதாக மட்டும் இருந்தால்தான் தகராறு. அரசு கல்லூரியில் எலெக்ட்ரிகலில் சேர்ந்த பிறகு கம்ப்யூட்டர் பக்கம் போக வழியும் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் படிப்பு ஆன்லைனில் நடக்கிறது, ஜே.இ.இ. தேர்வு தேவையில்லை, அவர்களின் தகுதித் தேர்வில் தேறினால் போதும். ஒரே நேரத்தில் இரண்டு பட்டப்படிப்புகள் படிக்க யு.ஜி.சி. 2022-ல் அனுமதி கொடுத்துவிட்டது. ஆனால் இரண்டையும் இழுப்பது எளிதல்ல. முதல் ஆண்டு முடிந்த பிறகு யோசிக்கலாம்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பெண், "எலெக்ட்ரிகல்ல புரோகிராமிங் உண்டா அங்கிள்?" என்றாள். நான் சொல்வதை விட நீயே பார் என்று அண்ணா பல்கலைக்கழக வெப்சைட்டைத் திறந்து கொடுத்தேன். 2021 பாடத்திட்டத்தில் எல்லாப் பிரிவினருக்கும் முதல் செமஸ்டரிலேயே பைத்தான் இருந்தது. தன்னாட்சிக் கல்லூரி என்றால் அதன் பாடத்திட்டத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். அவள் எட்டு செமஸ்டரையும் மவுஸால் உருட்டி உருட்டிப் பார்த்தாள். அப்பாவிடம் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் எலெக்ட்ரிகல் சீட்டை உறுதி செய்துவிட்டார்கள். கட்டிய முன்பணம்தான் கவலை. சேர்க்கைக்கான கடைசித் தேதிக்கு 15 நாட்களோ அதற்கும் மேலோ இருக்கும்போதே விலகினால் முழுத் தொகை, அதற்குப் பின் ஆனால் கடைசித் தேதிக்குள் 90 சதவீதம், தேதி தாண்டி 15 நாட்களுக்குள் 80, 30 நாட்களுக்குள் 50 என்று யு.ஜி.சி. 2018-ல் அறிவித்திருக்கிறது. முழுத் தொகை திரும்பும்போது ஒரு சிறு நடைமுறைக் கட்டணம் மட்டும் பிடிக்கலாம். ஒரிஜினல் சான்றிதழ்களை வைத்துக்கொள்ளவும் கூடாது. ஆண்டுதோறும் புதிய சுற்றறிக்கை வரலாம் என்பதால் யு.ஜி.சி. தளத்தை ஒருமுறை பாருங்கள். அந்த அறிவிப்பை பிரிண்ட் எடுத்து இணைத்து, கடிதத்தை அந்தப் பெண்ணே புதுக் கம்ப்யூட்டரில் டைப் செய்தாள். இரண்டு முறை நினைவூட்டிய பிறகு பணம் வந்தது.