11 வரி கோடு இல்லாததால் நின்றுபோன வேலை

டெட்லைன் நெருங்கும்போது எல்லாத்தையும் நாமே எழுத முடியுமா? முடியாதுதான். அடுத்தவர் எழுதிய கோடை எடுத்துப் போட்டால் வாரக்கணக்கில் நேரம் மிச்சம். ஆனால், 2016 மார்ச்சில் நடந்ததை மறக்கக் கூடாது.

'லெஃப்ட்-பேட்' என்ற 11 வரி ஜாவாஸ்கிரிப்ட் கோடை, எழுதியவரே என்பிஎம் தளத்திலிருந்து நீக்கினார். எழுத்துகளுக்கு முன்னால் இடைவெளி சேர்ப்பதுதான் அதன் வேலை. 'பேபல்' போன்ற பெரிய கருவிகளே அதை நம்பியிருந்ததால், உலகெங்கும் பில்டுகள் ஃபெயில் ஆகின.

பேமென்ட், என்கிரிப்ஷன் போன்ற சிக்கலான வேலைக்கு வெளி கோடு எடுப்பது தப்பில்லை, அதுதான் புத்திசாலித்தனம். பத்து நிமிஷத்தில் முடிவதை நீங்களே எழுதிடுங்க. எடுத்ததையெல்லாம் பட்டியல் போட்டு, ஒரு காப்பியை உங்கள் சர்வரிலும் வச்சுக்கோங்க. மிச்சமான நேரத்தில் இதற்குக் கொஞ்சம் ஒதுக்கினால் போதும்.