டயரில் உள்ள சாஸனம்

கொல்லிமலைக்கு நாமக்கல் மார்க்கமாக ஏறுகிறவர்கள் காரவள்ளி அடிவாரத்தில் சற்று நிற்பது வழக்கம். தேநீர் அருந்துவார்கள், மேலே காத்திருக்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிப் பெருமூச்சும் விடுவார்கள். குனிந்து வண்டியின் டயரைப் பார்ப்பவர் மட்டும் அரியர். கோயிற் சுவரிலுள்ள கல்வெட்டைப் படிக்க ஆவல் கொள்ளும் நாம், நம் உயிரைத் தாங்கும் ரப்பரில் பொறித்திருப்பதைப் படிப்பதில்லை.

சென்ற மார்கழியில், அறப்பளீசுவரர் கோயிலையும் ஆகாய கங்கையையும் காண்பிப்பதற்காக எங்கள் பள்ளிப் பிள்ளைகளை ஒரு வாடகை வேனில் அழைத்துச் சென்றேன். காரவள்ளியில் சக்கரங்களைச் சுற்றி வந்தபோது, மூன்று டயர்களில் ஓர் எண்ணும், பின்புறத்து இடது டயரில் வேறோர் எண்ணும் இருக்கக் கண்டேன். ஓட்டுநரைக் கேட்டேன்.

"அளவு ஒண்ணுதானுங்க சார். பட்டன் கூடப் புதுசாட்டம் இருக்குது பாருங்க" என்றார்.

அவர் சொன்னதில் பொய்யில்லை. நான்கிலும் 215/75 ஆர் 15 என்றே இருந்தது. 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது அதன் பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் நூற்றுக்கு எழுபத்தைந்து. 'ஆர்' என்றால் ரேடியல். உள்ளிருக்கும் இழைகள் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்திற்கு நேராக ஓடுகின்றன என்று பொருள். 15 என்பது இரும்பு வளையத்தின் விட்டம், அங்குலத்தில். மில்லிமீட்டர் பிரெஞ்சுக்காரருடையது, அங்குலம் ஆங்கிலேயருடையது; இருவரும் ஒரே டயரில் சண்டையின்றிக் குடியிருப்பது விந்தைதான்!

வித்தியாசம் அதன் பிறகு வந்தது. மூன்று டயர்களில் 106 க்யூ. நான்காவதில் 100 எஸ். இவ்வெண் நேராகக் கிலோ அன்று, பட்டியல் எண். 106 என்றால் அந்த டயர் 950 கிலோ தாங்கும். 100 என்றால் 800 கிலோவே. 150 கிலோ குறைகிறது; பருத்த ஆசாமிகள் இருவரின் பாரம்! எழுத்தோ வேகத்தைக் குறிப்பது. க்யூ 160 கிலோமீட்டர், எஸ் 180. "இது அதிக வேகத்துக்குரிய டயர், ஆகையால் உசத்தி" என்று யாரேனும் விற்றிருக்கலாம். கொல்லிமலையில் 180 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல வல்லவன் வல்வில் ஓரியின் அம்பு ஒன்றுதான்.

வளைவில் திரும்பும்போது வண்டியின் கனம் வெளிப்புறச் சக்கரங்களின் மேல் சாய்கிறது. இறங்கும்போது பிரேக்கின் உஷ்ணமும் சேர்கிறது. சக்திக்கு மீறிய பாரத்தைச் சுமக்கும் டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்ந்து, உள்ளுக்குள் கொதிக்கும். காற்றைக் குறைத்தால் பிடிப்பு அதிகம் என்று சிலர் செய்யும் வைத்தியம் இதே தீங்கைத்தான் விளைவிக்கும். பட்டன் எவ்வளவு தடித்திருந்தாலும் இதற்குப் பரிகாரமில்லை.

வயதும் எழுதியிருக்கிறது. டி.ஓ.டி. என்ற எழுத்துக்களின் வரிசையில் கடைசி நான்கு இலக்கங்களைப் பார்க்க வேண்டும். 0812 என்றால் 2012-ஆம் ஆண்டின் 8-ஆவது வாரம் பிறந்த டயர். ஓடாமல் நிழலிற் கிடந்தாலும் ரப்பர் இறுகி வெடிக்கும். ஸ்டெப்னி விஷயத்தில் இதை நாம் மறந்தே போகிறோம்.

மோட்டார் சைக்கிளில் 2.75-18 42 பி என்றிருக்கும். நடுவிலுள்ள கோடு, இழைகள் குறுக்காகப் பின்னப்பட்டவை என்பதற்கு அடையாளம்; 42 என்றால் 150 கிலோ. சிறிய காரின் 145/80 ஆர் 12 74 டி-யில் 74 என்பது 375 கிலோ. அழகுக்காக அகன்ற டயர் பூட்டுவோருக்கு நான் சொல்வது, வண்டியின் கதவோரத்திலோ கையேட்டிலோ அச்சிட்டிருப்பதை மீற வேண்டாமென்பதே. காருக்கு இரண்டு புது டயர் மட்டும் வாங்க முடிந்தால் பின்னால் போடுங்கள். பெரும்பாலோர் முன்னால் போடுகிறார்கள். ஈரச் சாலையில் பின்புறம் வழுக்கினால் வண்டியைத் திருத்துவது மிகக் கடினம்.

எந்தத் தேசத்து டயர் என்றும் கேட்கலாம். 1946-இல் திருவொற்றியூரில் குழந்தைகளின் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எப். 1961-இல் டயர் செய்தது. நம் நாட்டில் விற்கும் டயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும், அதையும் தேடுங்கள்.

வேன் முதலாளி முதலில் முணுமுணுத்தார். லாரித் தொழிலுக்குப் பேர்போன நாமக்கல் அருகிலேயே இருந்தபடியால், இரண்டு மணி நேரத்தில் 106 எண்ணுள்ள டயர் வந்து சேர்ந்தது. அதுவரை பிள்ளைகள் அடிவாரத்தில் நின்ற வண்டிகளின் டயர்களையெல்லாம் உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் பள்ளி வாசலில் ஒரு பையன் என் ஸ்கூட்டரின் அருகே குந்தியிருந்தான். "சார், உங்க பின் டயர் 3116" என்றான். 2016-ஆம் ஆண்டின் 31-ஆவது வாரம்! அன்று மாலையே கடைக்குப் போனேன்.