பிஹேவியரல் சயின்ஸ் மாஸ்டர்ஸ்: "படிச்சு என்ன வேலை?"ன்னு கேட்கிற பெற்றோருக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டுல டிகிரி முடிச்ச பிள்ளைங்க இருந்தா பொறுமையா படிங்க.

நம்ம கோவில் இளைஞர் பகுதியில தொண்டு செய்யுற ஒரு பொண்ணு சைக்காலஜி டிகிரி முடிச்சிருக்கு. அடுத்து மாஸ்டர்ஸ்ல பிஹேவியரல் சயின்ஸ், அதாவது நடத்தை அறிவியல், படிக்கணும்னு ஆசைப்படுது. வீட்டுல ஒத்துக்கல. "மனுசன் எப்படி நடந்துக்குவான்னு தெரிஞ்சுக்க யூனிவர்சிட்டி எதுக்கு? எங்களக் கேட்டா சொல்ல மாட்டோமா?" இது அப்பா. "பேசாம டீச்சிங் போ." இது அம்மா.

நான் எஸ்.பி.எம். வரைக்கும் படிச்சவன். ஆனா 27 வருசமா தொழிற்சாலையில ஆளுங்கள வச்சு வேலை வாங்குறேன். திருவிழா நேரத்துல கோவில் கூட்டத்தையும் சமாளிக்கிறேன். அந்த அனுபவத்துல சொல்றேன்: அந்தப் பொண்ணு படிக்கட்டும். நம்ம சமூகத்துக்கு இது தேவையான படிப்பு.

முதல்ல அந்த "எங்களக் கேட்டா சொல்ல மாட்டோமா"ங்கிற பேச்சுக்கு வருவோம்.

அன்னதானம் முடிஞ்சதும் மைக்குல என்ன சொல்றோம்? "பாருங்க, எல்லாரும் சாப்பிட்ட தட்ட அங்கங்க போட்டுட்டுப் போறீங்க!" இப்படிச் சொன்னா வெட்கப்பட்டு மாத்திக்குவாங்கன்னு நம்ம நினைப்பு. அமெரிக்காவுல அரிசோனா மாநிலத்துல ஒரு தேசியப் பூங்கா இருக்கு. கோடிக்கணக்கான வருசத்துக்கு முந்தின மரங்கள் கல்லாவே மாறிக் கிடக்கிற இடம். வர்றவங்க துண்டு துண்டா எடுத்துட்டுப் போறாங்க. ராபர்ட் சியால்டினிங்கிற பேராசிரியரும் அவர் கூட இருந்தவங்களும் அடையாளம் போட்ட துண்டுகள பாதையோரத்துல வச்சு, அறிவிப்புப் பலகைய மாத்தி மாத்திப் பார்த்தாங்க. "தயவுசெய்து எடுக்காதீங்க"ன்னு வச்சப்ப 100 துண்டுக்கு 2 கூட காணாம போகல. "நிறைய பேர் எடுத்துட்டுப் போறதால பூங்கா அழியுது"ன்னு வச்சப்ப கிட்டத்தட்ட 8 காணாம போச்சு.

ஏன் அப்படி? "எல்லாரும் செய்யுறாங்க"ன்னு நாமே விளம்பரம் பண்ணிட்டோம். அப்ப நானும் செஞ்சா என்னன்னு மனசு சொல்லுது. அனுபவசாலி நாலு பேரக் கேட்டிருந்தா அந்த ரெண்டாவது பலகையத்தான் நல்லா இருக்குன்னு சொல்லியிருப்பாங்க. அனுபவம் சொல்றது எல்லா நேரமும் சரியா இருக்காது. சோதிச்சுப் பார்க்கணும். இந்தப் படிப்போட உயிரே அதுதான்.

ரெண்டாவது, இது நம்ம சம்பளத்துலயே விளையாடின விசயம். 2016 மார்ச்ல ஈ.பி.எஃப். தொழிலாளர் பங்க 11 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடா குறைச்சாங்க, ஞாபகம் இருக்கா? பழையபடி 11 வேணும்னா ஒரு பாரம் நிரப்பணும். 2020 ஏப்ரல்ல திரும்பவும் 7க்கு இறக்கினாங்க, அப்பவும் அதே பாரம்தான். என் லைன்ல பாரம் நிரப்பினவங்கள விரல் விட்டு எண்ணிடலாம். மத்தவங்க எல்லாம் யோசிச்சு "8 போதும்"னு முடிவெடுத்தவங்களா? இல்ல. பாரத்த எடுக்கல, அவ்வளவுதான். 2000 வெள்ளி சம்பளக்காரருக்கு 3 விழுக்காடுன்னா மாசம் 60 வெள்ளி. கைக்கு வந்தது, போன இடம் தெரியல.

நாம ஒண்ணும் செய்யாம இருந்தா எது தானா நடக்குமோ, பெரும்பாலானவங்க அங்கேயே நின்னுடுறாங்க. இதைத்தான் இந்தத் துறையில வருசக்கணக்கா ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. மனோதத்துவ நிபுணரான டேனியல் கானமனுக்கு 2002லயும், ரிச்சர்ட் தேலருக்கு 2017லயும் பொருளாதார நோபல் பரிசு கிடைச்சது இந்த மாதிரி வேலைக்குத்தான். பிரிட்டன் அரசாங்கம் 2010லயே இதுக்குன்னு தனிக் குழு வச்சிடுச்சு. "என்ன வேலை கிடைக்கும்?"னு கேட்டா பதில் இங்க இருக்கு: அரசாங்கக் கொள்கை, சுகாதாரம், பேங்க், காப்புறுதி, தொழிற்சாலை பாதுகாப்பு, மனிதவளம்.

இன்னொண்ணும் யோசிங்க. "இப்ப வாங்கு, அப்புறம் கட்டு"ன்னு போன்ல ஒரு பட்டன் வருதே, அதை எந்த இடத்துல, எந்தக் கலர்ல வைக்கணும்னு ஒருத்தர் உட்கார்ந்து சோதிச்சுத்தான் வைக்கிறார். நம்மகிட்ட விக்கிறவன் நம்ம புத்தியப் பத்தி நல்லா படிச்சிருக்கான். நம்ம பிள்ளைங்களோ நம்பர் எடுக்கிறது, ஆ லோங், குடின்னு மாட்டிக்கிட்டா நாம மேடை போட்டுத் திட்டுறதோட சரி. முப்பது வருசமா திட்டுறோம். திட்டி எத்தனை பேரு திருந்தினாங்க? நம்ம பக்கமும் படிச்சவங்க இருக்கணும்.

"சரி, அதுக்கு யூடியூப் போதாதா? ரெண்டு நாள் தன்முனைப்பு முகாம் போதாதா?"ன்னு கேப்பீங்க. போதாது. இந்தத் துறையிலயும் பொய்யான முடிவுகள் வந்திருக்கு. 2015ல 100 மனோதத்துவ ஆய்வுகள மறுபடியும் செஞ்சு பார்த்தாங்க. பாதிக்கும் குறைவானதுதான் முதல்ல சொன்ன மாதிரியே வந்துச்சு. பாரத்துல கையெழுத்த மேல வாங்கினா ஜனங்க உண்மை எழுதுவாங்கன்னு 2012ல வந்த பிரபலமான ஆய்வ 2021ல வாபஸ் வாங்கிட்டாங்க. மேடையில பேசுறவரு இதைச் சொல்ல மாட்டார். எது நிக்கும், எது நிக்காதுன்னு பிரிச்சுப் பார்க்க புள்ளியியல் தெரியணும், ஆய்வ அமைக்கத் தெரியணும். மனுசங்கள வச்சு ஆய்வு பண்றதுக்கு முன்னாடி யூனிவர்சிட்டி நெறிக்குழுகிட்ட அனுமதி வாங்கணும். இதெல்லாம் மாஸ்டர்ஸ்ல ஆசிரியர் மேற்பார்வையில பழகுற விசயம்.

அதே சமயம் பிள்ளைங்களுக்கும் நாலு வார்த்தை.

ஒண்ணு, இதைப் படிச்சா கவுன்சிலர் ஆயிட முடியாது. நம்ம நாட்டுல 1998 கவுன்சிலர் சட்டப்படி பதிவு வேணும், அதுக்கு கவுன்சிலிங் படிப்பு தனி. ஆறுதல் சொல்ற வேலைதான் ஆசைன்னா அந்தப் பக்கம் போங்க.

ரெண்டு, பாடத்திட்டத்துல புள்ளியியலும் சொந்தமா செய்யுற ஆய்வும் இருக்கான்னு பாருங்க. இல்லாத கோர்ஸுக்கு பணம் கட்டாதீங்க. எம்.கியூ.ஏ. அங்கீகாரத்தையும் சரி பாருங்க.

மூணு, லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், வார்விக் மாதிரி இடங்கள்ல ஒரு வருசப் படிப்பு இருக்கு. உபகாரச் சம்பளம் கிடைச்சா போங்க. அப்பா வீட்ட அடகு வச்சுப் போக வேணாம்.

நாலு, முடிஞ்சா ரெண்டு வருசம் வேலை செஞ்சிட்டுப் படிங்க. லைன்ல நின்னு பார்த்தவனுக்கு வர்ற கேள்வி புத்தகத்துல வராது. எங்க இடத்துல காதடைப்பான் போடச் சொல்லி எத்தனையோ போஸ்டர் ஒட்டினோம். கடைசியில பெட்டிய கதவுக்குப் பக்கத்துல, கைக்கு எட்டுற உயரத்துல மாட்டினோம். அதுக்கப்புறம் எடுக்கிறவங்க கூடிட்டாங்க. இது ஏன்னு கேட்கிற பிள்ளைதான் நல்லா படிக்கும்.

கோவில் நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த மாதிரி பிள்ளைங்களுக்கு நம்ம இடத்த ஆய்வுக்குக் கொடுங்க. உதாரணத்துக்கு அன்னதானம். ஒரு வெள்ளிக்கிழமை சின்ன கரண்டி, அடுத்த வெள்ளி பெரிய கரண்டி, வேணும்னவங்களுக்கு ரெண்டாவது தடவை பரிமாறலாம். மிச்சம் கொட்டுற வாளிய ஒவ்வொரு வாரமும் நிறுத்துப் பாருங்க, வந்தவங்க எத்தனை பேருன்னும் எழுதி வைங்க. ரெண்டு வாரத்துல முடிவு சொல்லக் கூடாது, கூட்டம் ஏறும் இறங்கும். ரெண்டு மூணு மாசம் செஞ்சா உண்மை தெரிஞ்சிடும். செலவு ஒரு தராசு. கிடைக்கிறது, அந்தப் பிள்ளைக்கு ஒரு ஆய்வுக் கட்டுரை, நமக்கு வீணாகாத சோறு.

டாக்டர், லாயர், இன்ஜினியர் வேணாம்னு நான் சொல்லல. ஆனா மருந்து கொடுத்தும் சாப்பிடாத நோயாளி, சட்டம் தெரிஞ்சும் ஹெல்மெட் போடாத பையன், இவங்களப் புரிஞ்சுக்கவும் நாலு பேரு படிக்கணும். அந்த நாலு பேருல ஒருத்தர் உங்க வீட்டுல இருந்தா, "என்ன வேலை?"ன்னு கேட்டு வாய அடைக்காதீங்க. "எதை ஆய்வு பண்ணப் போற?"ன்னு கேளுங்க. பிள்ளைகிட்ட தெளிவான பதில் இருந்தா தடுக்காதீங்க.

மாற்றுக் கருத்து இருந்தா கீழ எழுதுங்க, பேசுவோம். பயன்படும்னு தோணினா பகிருங்க.