போனஸும் ஒலிப்பெட்டியும்

தசராவுக்கு முன் ரயில்வே ஊழியர்க்குப் போனஸ் கைக்கு வருவது வழக்கம். 2024ஆம் ஆண்டில் 78 நாள் கணக்கில் உச்சமாக 17,951 ரூபாய் அளிக்கப்பட்டது. நம்மைப் போன்ற குமாஸ்தாக்களின் இல்லங்களில் ஒரு காலத்தில் இத்தகைய தொகை வானொலிப் பெட்டிக்குச் சென்றது. இன்று ஆம்ப்ளிபையருக்கும் சப்வூபருக்கும் செல்கிறது. வாங்க வேண்டாமென்று சொல்ல நாம் முற்படவில்லை. சங்கீதம் ஒலிக்காத வீடும் ஒரு வீடா? ஆயினும், எதை வாங்குவது என்பதில் சங்கத்து அன்பர் பலர் வழி தவறுவதைக் கண்டே இதனை எழுதுகிறோம்.

முதலாவது, பெட்டியின் மீது கொட்டை எழுத்தில் அச்சிட்டுள்ள வாட் கணக்கு. பி.எம்.பி.ஓ. என்று ஆயிரக்கணக்கில் போட்டிருப்பது கண நேர உச்சத்தை ஊதிப் பெருக்கிய எண். அதை நம்ப வேண்டியதில்லை. தொடர்ந்து எவ்வளவு ஆற்றல் வரும் என்பதை ஆர்.எம்.எஸ். கணக்கே காட்டும். அதுவும் எத்தனை ஓம் ஸ்பீக்கருக்கு என்று கேட்டறிதல் அவசியம். வாட் இரட்டித்தால் ஓசையும் இரட்டிக்கும் என்று எண்ணுவோர் உளர். 50 வாட்டுக்குப் பதில் 100 வாட் வாங்கினால் கூடுவது 3 டெசிபெல் மாத்திரமே. செவிக்கு இருமடங்காகத் தோன்ற வேண்டுமாயின் பத்து மடங்கு வாட் தேவை.

அடுத்தது, நீங்கள் கேட்பது யாது? ஒரு கட்டைச் சுருதியில் பாடும் வித்வானுடைய தம்புராவின் மந்தர ஸட்ஜம் விநாடிக்கு ஏறத்தாழ 65 அதிர்வு. கர்நாடக இசையில் இதற்கு வெகு கீழே இறங்குவது அரிது. ஆறரை அங்குல வூபர் கொண்ட நல்ல ஸ்பீக்கர் இணை ஒன்றே இதற்குப் போதும். சப்வூபரின் தனி ராஜ்யம் அதற்கும் கீழே உள்ளது. திரைப்படத்தில் குண்டு வெடிப்பதும் இடி முழங்குவதும் அங்கேதான். கீர்த்தனை கேட்க விரும்புவோர் இடி முழக்கத்துக்குப் பணம் கொடுப்பானேன்?

ஷண்முகானந்த அரங்கில் கேட்டது போலவே வீட்டிலும் கேட்க வேண்டும் என்பார் சிலர். அங்கே இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் அமரலாம். நமக்கோ பத்தடிக்குப் பத்தடி. அத்தகைய அறை 56 அதிர்வின் அருகில் தானே முழங்கத் தொடங்கும். சப்வூபரை மூலையில் வைத்தால் அம்முழக்கம் இன்னும் கனக்கும். தாராவியிலும் மாட்டுங்காவிலும் ஒரு சுவருக்கு இரு குடும்பம். குரலை ஓரளவு தடுக்கும் அச்சுவர், கீழ்நாதத்தைத் தடுப்பதில்லை. சுவருக்கு மறுபுறம் இரவுப் பணி முடித்து வந்து பகலில் உறங்கும் செவிலி இருக்கலாம். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கலாம். ஊரை விட்டு வந்த நமக்கு அவசரத்துக்கு ஓடி வருபவர் அண்டை வீட்டார் அன்றோ?

சட்டம் என்ன சொல்கிறது? 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெல் எல்லை. ஆனால் இந்த அளவீடு மனிதச் செவியின் போக்கைப் பின்பற்றுவதால், 50 அதிர்வுள்ள நாதத்தை 30 டெசிபெல் குறைத்தே எண்ணுகிறது. கருவி பேசாதிருக்கும், பக்கத்து வீட்டுப் பாத்திரம் அதிரும்! ஆகவே சட்டத்தைக் காட்டி அண்டை வீட்டாரிடம் வாதாடுவது நியாயமாகாது.

சினிமா பார்ப்பதற்காகச் சப்வூபர் வேண்டியே தீருமாயின், எட்டங்குலமே போதும். துவாரமில்லாத, மூடிய பெட்டியாக இருத்தல் நன்று. உள்ளேயே ஆம்ப்ளிபையர் அமைந்ததை வாங்கினால் தனிச் செலவு மிச்சம். வெட்டு எல்லையை 80இல் வைத்து, பெட்டியைப் பொதுச்சுவரிலிருந்து விலக்கி, அடியில் கனத்த ரப்பர் விரிப்பு இடுக. ரப்பர் தரைவழி அதிர்வைக் குறைக்குமே தவிர, காற்றுவழிச் செல்வதைக் குறைக்காது. அதற்குக் குமிழைத் திருப்புவதே உபாயம். பொருத்திய பின் ஒரு பாட்டை ஓடவிட்டு, பக்கத்து வீட்டுக்குச் சென்று அவர்கள் அறையில் நின்று கேளுங்கள்.

லாமிங்டன் சாலைக்கு மாட்டுங்காவிலிருந்து செல்வோர் தாதரில் மாறிக் கிராண்ட் ரோடில் இறங்குக. செம்பூர் அன்பர்கள் குர்லாவிலும் மாற நேரும். பழகிய கச்சேரிப் பதிவொன்றை உடன் கொண்டு சென்று, அதனையே ஓடவிடச் சொல்லுங்கள். ஞாயிறன்று அங்கே பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.