குடும்ப நலம்: பேயா, பிணியா?



தா.பழூரை அடுத்த ஒரு சிற்றூரில் நடப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். கல்லூரிக்குச் செல்லும் பத்தொன்பது வயதுப் பெண். சில நாள் காய்ச்சலும் தலைவலியும் இருந்தன. காய்ச்சல் தணிந்தது, ஆனால் உறக்கம் போய்விட்டது. யாரோ தன்னைக் கொல்ல வருவதாக அலறுகிறாள். பெற்ற தாயைப் பார்த்து, "நீ யார்?" என்கிறாள். இரண்டொரு நாளில் பேச்சே அடங்கிவிடுகிறது. வாய் மட்டும் எதையோ மெல்லுவதுபோல் ஓயாது அசைகிறது. அண்டை வீட்டார் என்ன சொல்வார்கள் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. "காற்றுக் கருப்புப் பட்டிருக்கும், மந்திரித்துப் பாருங்கள்" என்பார்கள். ஞாயிறு பூசை தவறாத நம்மவர்களும் இப்படிச் சொல்வதுண்டு, மறைப்பானேன்?

இத்தகைய துன்பத்துக்கு மூளை அழற்சியும் ஒரு காரணமாகலாம். நோய்க் கிருமிகளை எதிர்க்க நம் இரத்தத்தில் சில எதிர்ப்புப் பொருள்கள் உண்டாகின்றன. சிலருக்கு அவை வழிதவறித் தம் சொந்த மூளையையே தாக்குகின்றன. நினைவுக்கும் சிந்தனைக்கும் இன்றியமையாத என்.எம்.டி.ஏ. ஏற்பிகள் என்பவை மூளை நரம்பணுக்களின் மேல் உள்ளன. எதிர்ப்புப் பொருள் பற்றிக்கொண்டதும் இவை அணுவின் உள்ளே இழுக்கப்பட்டு மறைகின்றன. அணு சாவதில்லை, பூட்டிய வீடுபோல் நிற்கிறது. மருந்தினால் அந்த எதிர்ப்புப் பொருள் குறையும்போது வீடு மீண்டும் திறக்கிறது. இந்நோயில் நம்பிக்கைக்கு இடமிருப்பது இதனாலேதான்.

ஜோசப் டால்மாவ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 2007இல்தான் இதனை இனங்கண்டு வெளியிட்டனர். அவர்கள் முதலில் விவரித்த 12 பெண்களுக்கும் உடலில் கட்டி இருந்தது. பெரும்பாலும் அது சினைப்பையில். கட்டியே இல்லாதவர்களுக்கும், சிறுவருக்கும், ஆண்களுக்கும் இந்நோய் வரும் என்பது பின்னர்த் தெரிந்தது.

2009இல் நியூயார்க் நகரில் சுசானா கஹாலன் என்ற 24 வயதுப் பத்திரிகையாளருக்கு இது வந்தது. மது அருந்தியதன் விளைவு என்றும் மனநோய் என்றும் மருத்துவர்களே கருதினர். சூஹேல் நஜ்ஜார் என்னும் மருத்துவர் அவர் கையில் தாளைக் கொடுத்து, ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். அவர் வட்டம் வரைந்து, பன்னிரண்டு எண்களையும் வலப் பக்கத்திலேயே நெருக்கி எழுதினார். இடப் பக்கம் வெறுமையாய் நின்றது. மூளையின் வலப் பாதி அழற்சியுற்றிருப்பதை அந்த எளிய படம் காட்டிக் கொடுத்தது! உரிய சிகிச்சைக்குப்பின் அவர் மீண்டும் வேலைக்குத் திரும்பி, தம் அனுபவத்தை 2012இல் நூலாகவும் எழுதினார்.

இப்போது நம் வேதத்தைச் சார்ந்த ஒரு துயரச் செய்தியையும் சொல்லத்தான் வேண்டும். ஜெர்மனியில் அன்னலீஸ் மிஷல் என்ற கத்தோலிக்கப் பெண் வலிப்பு நோய்க்கு மருந்து உண்டு வந்தார். 1975 முதல் அவருக்குப் பலமுறை பேயோட்டும் சடங்கு நடத்தப்பட்டது. உணவின்றி மெலிந்து, 1976 ஜூலை 1ஆம் நாள் 23 வயதில் இறந்தார். பெற்றோரும் இரு குருக்களும் குற்றவாளிகள் என 1978இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவருக்கு வந்தது நான் கூறும் நோயே என்று சொல்லவில்லை. ஆனால் திருச்சபை எப்போதும் எச்சரிக்கையாகவே பேசியிருக்கிறது. ஒருவரைப் பேய் பிடித்ததென எளிதில் நம்பலாகாது என்று 1614ஆம் ஆண்டுச் சடங்கு நூலே கூறிற்று. மருத்துவத்துக்குரிய நோயா என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும் என்று 1992ஆம் ஆண்டு மறைக்கல்வி நூலும் சொல்கிறது. ஆயரின் தனி அனுமதியின்றி எந்தக் குருவும் பேயோட்டும் பெருஞ் சடங்கை நடத்தக் கூடாது. ஆகவே மகளைச் சுவாமியாரிடம் அழைத்துச் செல்லுங்கள், ஆசீரும் பெறுங்கள். ஆனால் அதே வண்டியில் மருத்துவமனைக்கும் புறப்படுங்கள்.

கட்டி வைப்பது மட்டும் வேண்டாம். 2001 ஆகஸ்டு 6 அதிகாலையில் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டு ஓட முடியாமல் மாண்டவர் 28 பேர். சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் முற்றிலும் தடை செய்கிறது.

நம் ஊராருக்கு ஜெயங்கொண்டத்தில் அரசு மருத்துவமனை உண்டு. அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இயங்குகிறது. நரம்பியல் வல்லுநரைக் காண வேண்டுமெனில் தஞ்சை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவார்கள். அங்கே முதுகிலிருந்து நீர் எடுத்துச் சோதிக்க வேண்டும் என்பார்கள். "முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காது" என்று பாட்டிமார் தடுப்பது வழக்கம். தண்டுவடம் முடிந்த இடத்துக்கும் கீழேதான் ஊசி இறங்குகிறது, அஞ்சத் தேவையில்லை. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் நோயில்லை என்று வீடு திரும்பிவிடாதீர்கள். பலருக்கு ஸ்கேன் பழுதின்றியே இருக்கும். பெண்களுக்கு வயிற்றையும் ஸ்கேன் செய்து, கட்டி இருந்தால் அகற்ற வேண்டும்.

மருந்துகள் விலை உயர்ந்தவை. ஸ்டீராய்டு ஒன்றுதான் மலிவு. சிலருக்குச் செயற்கைச் சுவாசமும் வாரக்கணக்கில் தேவைப்படும். குணமாவதும் மெதுவாகத்தான். 2013இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், இரண்டாண்டுகள் கவனிக்கப்பட்டவருள் 100க்கு 81 பேர் நல்ல நிலைக்கு மீண்டனர். சிகிச்சையை முன்னதாகத் தொடங்கியவர்களே அதிகம் நலமடைந்தனர். சிலருக்கு நோய் திரும்பவும் வரலாம்.

புறப்படுமுன் ஒன்று செய்யுங்கள். காய்ச்சல் எந்த நாள் வந்தது, பேச்சு எந்த நாள் மாறியது என்று ஒரு தாளில் தேதியிட்டு எழுதிக்கொள்ளுங்கள். வலிப்பு வந்தால் கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். இதுவரை கொடுத்த மருந்துச் சீட்டுகளை, நாட்டு மருந்தானாலும், விடாமல் எடுத்துச் செல்லுங்கள். எங்கேனும் மந்திரித்திருந்தால் அதையும் வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.